தமிழைத் தேர்ந்தெடுக்கவும்

புது போன் வாங்கினால் முதலில் என்ன செய்வீர்கள்? முகப்பில் பேரன் படம் வைப்பீர்கள். ரிங்டோன் மாற்றுவீர்கள். அதற்கெல்லாம் முன்னால் போன் உங்களை ஒரு கேள்வி கேட்கும். என்ன பாஷை வேண்டும்?

நம்மில் பெரும்பாலானவர்கள் அந்தக் கேள்வியைக் கவனிப்பதே கிடையாது. இங்கிலீஷ் என்று ஏற்கெனவே டிக் அடித்திருக்கும். கட்டை விரல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். மிஞ்சிப் போனால் ஒரு விநாடி.

அந்த ஒரு விநாடிக்குப் பின்னால் ஏறக்குறைய நானூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பகுதி நடந்த இடம் தூத்துக்குடிக் கரை.

போன மாதம் தூத்துக்குடி போயிருந்தேன். மக்ரூன் வாங்கியாயிற்று, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. சார்ஜர் ஒயர் வாங்கலாமே என்று டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ஒரு செல்போன் கடைக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சங்கு குளித்தவராம். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், அவன் அனுப்பிய பணத்தில் புது போன். கடைப் பையன் டப்பாவைப் பிரித்து, சிம் போட்டு, மின்னல் வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தான்.

“ஏந் தம்பி, இதுல தமிழ் வராதா?”

“வரும் தாத்தா. ஆனா இங்கிலீஷ்தான் ஈஸியா இருக்கும்.”

“ஆருக்கு ஈஸி? எனக்கா, ஒனக்கா?”

பையன் சிரித்துவிட்டான். நானும்தான். ஆனால் ரயிலில் உட்கார்ந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் என் அம்மாவுக்கு போன் வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் இங்கிலீஷில் செட் பண்ணிக் கொடுத்தவன் நான். எனக்கு ஈஸி என்பதால்.

பெரியவர் கேட்ட கேள்வியை அவருடைய ஊர்க்காரர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே சந்தித்திருக்கிறார்கள். அங்கே போவோம்.

* * *

1530-கள். வேம்பாறு தொடங்கிக் கன்னியாகுமரி வரை நீளும் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள். ‘பார்’ என்று சொல்வார்கள். அதில் ஒட்டி வளரும் சிப்பி. சிப்பிக்குள் முத்து. முத்தெடுக்கும் சீசனுக்குச் சலாபம் என்று பெயர். குளிப்பவர்கள் பரதவர்கள். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார்கள். ஒரு மூச்சில் கைக்கு அகப்பட்ட சிப்பியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். மறுபடி இறங்க வேண்டும்.

பணம் புரளும் இடத்தில் சண்டை வராமல் இருக்குமா? முத்து வியாபாரத்தில் செல்வாக்கோடு இருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் பரதவர்களுக்கும் பெரிய மோதல். பரதவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். கிடைத்தது. கூடவே 1535-37 வாக்கில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானமும் நடந்தது. ஒரு கை பாதுகாப்பு கொடுத்தது. இன்னொரு கை முத்து வருமானத்தை நோக்கி நீண்டது. இதை அரசியல் ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

ஞானஸ்நானம் பெற்றதோடு பெயரும் மாறியது. பர்னாந்து, மோத்தா, மச்சாது, கொரேரா, ரோச், குரூஸ். இன்றைக்கும் எந்தத் தூத்துக்குடிக்காரரின் போனைத் திறந்து பார்த்தாலும் இந்தப் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். 1927-ல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் பெயர் என்ன? ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து.

பெயர் மாறியது சரி. பேச்சு? அது மாறவில்லை. வீட்டிலும் கடலிலும் தமிழ்தான். ஆக, வந்த பாதிரியார்களுக்குத்தான் சிக்கல். ஜனங்களிடம் எந்த பாஷையில் பேசுவது?

1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஒரு வழி கண்டுபிடித்தார். தமிழ் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்தார். அதை அவரே மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, சொல்லச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தார். எழுத்து கிடையாது, காதுதான். இப்போது போனில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுதுகிறதே, கூகுள் 2017-ல் கொண்டுவந்த வசதி? அதற்கு நேர் தலைகீழ்.

காதால் கேட்டது எத்தனை நாள் நிற்கும்? புத்தகம் வேண்டும். 1554-ல் லிஸ்பனில் ஒன்று அச்சானது. போர்த்துக்கல் ராஜா மூன்றாம் ஜோவானின் ஆதரவு. வேலை பார்த்தவர்கள் அங்கே இருந்த மூன்று தமிழர்கள். வின்சென்ட் நாசரெத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா தா குரூஸ். தமிழ் அச்சில் ஏறியது அதுதான் முதல் தடவை. கறுப்பு, சிவப்பு என்று இரண்டு வண்ணத்தில் அழகாக அடித்தார்கள்.

ஒரே ஒரு குறை. அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழ் வார்த்தைகள் எல்லாம் ரோமன் எழுத்தில்.

உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? 2003-ல் நீங்களும் நானும் எஸ்.எம்.எஸ். அனுப்பினோமே, ‘எப்படி இருக்கீங்க’ என்பதை இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி? அதேதான். அந்தத் தமிங்கிலத்துக்கு முப்பாட்டன் லிஸ்பனில் இருக்கிறான்.

பரதவத் தெருவில் அந்தப் புத்தகத்தால் யாருக்கு என்ன லாபம்? பாதிரியார் படிக்கலாம். முத்துக் குளிப்பவர் படிக்க முடியாது. பெரியவரின் கேள்வி இங்கே முதல் தடவை எழுகிறது. ஆருக்கு ஈஸி?

* * *

பதில் சொன்னவர் என்றிக்கே என்றிக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கல்லின் விலா விசோசாவில் 1520-ல் பிறந்த யூத வம்சத்துக்காரர். 1547-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். வந்தவர் முதல் வேலையாகத் தமிழ் கற்றார். கேட்டு மனப்பாடம் செய்வது அவருக்குப் போதவில்லை. இலக்கணம் புரிந்தாக வேண்டும். லத்தீன் இலக்கணம் எழுதுகிற மாதிரித் தமிழுக்கு விதிகளைப் பிரித்து, போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமே எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போதும் லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

அடுத்து அச்சு. இயந்திரத்துக்கு எங்கே போவது? அது தற்செயலாக ஏற்கெனவே இந்தியா வந்திருந்தது. 1556-ல் எத்தியோப்பியாவுக்குப் போக வேண்டிய ஓர் அச்சு இயந்திரம், வழியில் கோவாவோடு நின்றுவிட்டது. வேறு வீட்டுக்குப் போக வேண்டிய பார்சல் நம் வீட்டு வாசலில் இறங்கிய கதை.

இயந்திரம் இருந்தால் போதுமா? தமிழ் எழுத்து வேண்டுமே. ஒவ்வொரு எழுத்தையும் உலோகத்தில் வெட்டி, வார்த்து எடுக்க வேண்டும். இங்கிலீஷுக்கு 26. தமிழுக்கு 247. 1577-ல் ஜோவாங் கொன்சால்வஸ் என்ற ஸ்பானிஷ்காரர் கோவாவில் வார்த்துப் பார்த்தார். திருப்தியில்லை. மறுவருஷம் கொல்லத்தில் ஜோவாங் டி பாரியா என்ற பாதிரியார் மறுபடி வார்த்தார். எழுத்தின் வடிவம் சரியா என்று சொல்ல உள்ளூர் ஆள் வேண்டுமில்லையா? பேரோ லூயிஸ் உதவினார். கொல்லத்தில் மதம் மாறிய பிராமணர். இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர்.

1578 அக்டோபர் 20. கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளியானது. மொத்தம் 16 பக்கம், கைக்கு அடக்கமாக. இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அதுதான். இன்றைக்கு அதன் பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வேடிக்கை. கோவா எழுத்தையும் கொல்லம் எழுத்தையும் மாதிரிக்கு அடித்துக் காட்டியிருக்கிறார்கள். போனில் ஃபாண்ட் மாற்றப் போனால் சாம்பிள் காட்டுமே, அதே சமாசாரம்தான்.

அச்சானது கொல்லத்தில். ஆனால் அந்தப் புத்தகம் யாருக்காக? முத்துக்குளித்துறை ஜனங்களுக்காக. அடுத்த வருஷம், 1579-ல், கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586-ல் ‘அடியார் வரலாறு’. 16 பக்கத்தில் ஆரம்பித்தவர்கள் எட்டே வருஷத்தில் அறுநூறு பக்கத்தைத் தாண்டிவிட்டார்கள். அது தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலில் அச்சானதாகக் கருதப்படுகிறது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் பிரிந்து போனால் வரும் சின்ன மீனவக் கிராமம். பலகை வைத்துக் கொண்டாட வேண்டிய ஊர். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயராவது தெரியும்?

நான் காமர்ஸ் படித்தவன். எந்தக் கதையைக் கேட்டாலும் எனக்கு முதலில் வருவது ஒரே கேள்விதான். காசு யார் கொடுத்தது?

எழுத்து வெட்டக் காசு. வார்க்கக் காசு. காகிதத்துக்குக் காசு. இந்த அச்சு வேலைக்குப் பரதவர்களே பணம் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு கை சிப்பி என்று சம்பாதித்த ஜனங்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்? ஆனாலும் நம் எழுத்தில் ஒரு புத்தகம் வரட்டும் என்று காசைப் போட்டிருக்கிறார்கள். தமிழ் எழுத்து முதன்முதலாக ஓர் இயந்திரத்துக்குள் போனபோது அதன் செலவுக் கணக்கில் முத்துக்குளித்துறையின் வியர்வையும் சேர்ந்திருக்கிறது.

அண்டிரிக் அடிகளார் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கரையிலேயே இருந்தார். 1600-ல் இறந்தார். அடக்கம் செய்தது தூத்துக்குடியில்.

* * *

சரி, பிறகு தமிழ் அச்சு ஓஹோவென்று வளர்ந்ததா? இல்லை. அங்கேதான் கதை உதைக்கிறது.

அவருக்குப் பிறகு அந்த வேகத்தில் வேலை செய்ய ஆளில்லை. எழுத்துகள் முடங்கின. 1658-ல் தூத்துக்குடியே டச்சுக்காரர் கைக்குப் போனது. கேரளத்து அம்பலக்காட்டில் மறுபடி தமிழ் எழுத்து வெட்டியபோது வருஷம் 1677. அப்புறம் 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்து. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே செய்ததை எடுத்துத் தொடர ஒரு ஏற்பாடு இல்லை.

ஹாலே எழுத்தில் இன்னொரு கூத்து. ரொம்பப் பெரிசு! அதை வைத்து அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. சீகன்பால்கு குழுவினர் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு போனில் எழுத்து பெரிசாக வேண்டுமா, சின்னதாக வேண்டுமா? ஒரு கோட்டின் மேல் விரலை இழுத்தால் முடிந்தது. அன்றைக்கு அதற்கு உலை மூட்ட வேண்டியிருந்தது.

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. உங்கள் போனில் ‘வணக்கம்’ என்று அடியுங்கள். ‘தமிழ் 99’ விசைப்பலகை என்றால் இன்னும் நல்லது. வ, ண. பிறகு க-வை இரண்டு தரம் தட்டுங்கள். முதல் க-வுக்கு அதுவே புள்ளி வைத்துவிடும். நீங்கள் வைக்க வேண்டியதில்லை.

1578 புத்தகத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது. ‘தமபிரான வணககம’ என்றுதான் இருக்கும். காரணம், ஓலை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நம் ஆட்கள் புள்ளி வைப்பதையே விட்டிருந்தார்கள். படிப்பவர்தான் மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அச்சுக் கோத்தவர்கள் ஓலையில் கண்டதை அப்படியே உலோகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அதேபோல ‘எ’ எது, ‘ஏ’ எது என்ற குழப்பம். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்ற வித்தியாசமே அப்போது இல்லை. அதைச் சரி செய்தவர் என்று நாம் கொண்டாடுவது வீரமாமுனிவரை. இத்தாலிக்காரர். சொந்தப் பெயர் பெஸ்கி. 1680-ல் பிறந்து 1747-ல் மறைந்தவர். அவர் தமிழ்நாட்டில் ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த ஊர்களில் ஒன்று காமநாயக்கன்பட்டி. இன்றைய தூத்துக்குடி மாவட்டம்தான். உங்கள் போனில் ‘ஏ’ என்று அடிக்கிறபோதெல்லாம் அவர் கை பட்ட எழுத்தைத்தான் அடிக்கிறீர்கள்.

ஆக, எழுத்து என்பது கல்லில் செதுக்கி வைத்த சங்கதி இல்லை. ஓலைக்குத் தகுந்த மாதிரி, ஈயத்துக்குத் தகுந்த மாதிரி வளைந்து கொடுத்துத்தான் வந்திருக்கிறது. தட்டச்சு இயந்திரம் வந்தபோது மறுபடி சோதனை. நாற்பத்துச் சொச்சம் சாவிக்குள் 247 எழுத்தை எப்படி அடைப்பது? யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலேயாப் பக்கம் பிழைக்கப் போன ஆர். முத்தையா மண்டையை உடைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்தார். சில சாவியை அழுத்தினால் காகிதம் நகராது. புள்ளியும் கொக்கியும் ஏற்கெனவே இருக்கிற எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரியார் தன் ‘குடி அரசு’ பத்திரிகையில் 1935-லேயே பயன்படுத்த ஆரம்பித்த எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. தும்பிக்கை வைத்த ‘லை’யும் ‘னை’யும் விடைபெற்றன.

அப்புறம் கம்ப்யூட்டர். ஐயோ, அது தனிக் கூத்து. தொண்ணூறுகளின் கடைசியில் இணையத்தில் தமிழ் படிக்க முயன்றவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இந்தப் பத்திரிகைக்கு ஒரு ஃபாண்ட், அந்தப் பத்திரிகைக்கு வேறொரு ஃபாண்ட். இல்லையென்றால் திரை முழுக்க ஜிலேபி. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில்தான் தமிழ் 99 விசைப்பலகை முடிவானது. யுனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தாலும், தமிழக அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-ல்.

குறியீட்டில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது என்பதைச் செல்போன் நமக்குக் கற்றுக்கொடுத்தது. ‘தெ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போனுக்குள் முதலில் ‘த’, அதற்கப்புறம்தான் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். அந்த வித்தை தெரியாத போன்களில் கொம்பு எங்கேயோ அனாதையாக நிற்கும். சில போன்களில் தமிழ் இருக்கிற இடமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காசுக் கணக்கு வேறு. ஒரு எஸ்.எம்.எஸ்-ஸில் இங்கிலீஷ் என்றால் 160 குறி. தமிழ் என்றால் 70. அதிலும் ‘தூத்துக்குடி’ என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்து, போன் கணக்கில் பன்னிரண்டு. ஒரே செய்திக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காசு! பிறகு ஏன் ஜனங்கள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுத மாட்டார்கள்? லிஸ்பனுக்கே திரும்பிப் போனோம்.

அங்கேயும் சிலர் விடவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘செல்லினம்’ என்று ஒரு செயலி செய்தார். 2005-ல் சிங்கப்பூரில் வெளியானது. செல்போனிலேயே தமிழில் அடித்துத் தமிழிலேயே அனுப்பலாம். 2013-ல் ஐபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை வந்துவிட்டது. பிறகு இந்தியாவில் விற்கிற போன்களுக்கு மத்திய அரசு ஒரு தர விதியைக் கட்டாயமாக்கியது. 2016-ல் வந்த அந்த விதியின் பெயர் ஐ.எஸ். 16333. இந்தியாவின் 22 மொழி எழுத்தும் போனில் தெரிந்தாக வேண்டும். அடிப்பதற்கு இங்கிலீஷ், இந்தி தவிர இன்னொரு இந்திய மொழியாவது இருந்தாக வேண்டும்.

* * *

ஒரு விஷயத்தைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். அண்டிரிக் அடிகளார் அச்சடித்தது தமிழ் வளர்ப்பதற்காக அல்ல, மதத்துக்காக. செல்போன் கம்பெனிகள் தமிழ் வைத்ததும் பாசத்தால் அல்ல, வியாபாரத்துக்காக. கொடுத்தவருக்கு அவரவர் கணக்கு. அதில் தப்பில்லை. ஆனால் கணக்கு மாறினால் வசதியும் நின்றுபோகும். 1586-க்குப் பிறகு நடந்தது அதுதான். புத்தகம் கேட்டு நச்சரிக்க ஆள் இருந்திருந்தால், நடத்த ஆள் இருந்திருந்தால், தரங்கம்பாடிக்காரர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டாம்.

இன்றைக்கு எழுத்து வார்க்க யாரும் நம்மிடம் பணம் கேட்கவில்லை. செட்டிங்ஸ் போய், லாங்வேஜ் என்பதைத் தொட்டு, தமிழைச் சேர்த்தால் முடிந்தது. ஆனால் செய்வதில்லை. ‘அந்தத் தமிழ் புரியலீங்க’ என்று ஒரு காரணம் சொல்வோம். ஓரளவு நியாயம்தான். சில மொழிபெயர்ப்புகள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். அதற்காக எழுத்தே வேண்டாம் என்பதா? ஆட்கள் பயன்படுத்திக் குறை சொன்னால்தானே திருத்துவார்கள்?

உங்களுக்கும் எனக்கும் இது வெறும் சௌகரியப் பிரச்னை. எல்லோருக்கும் அப்படியில்லை. என் அம்மா கதைக்கு வருகிறேன். ஒருநாள் அவர் போனைப் பார்த்தேன். ஏதேதோ செயலிகளுக்கு மைக், கேமரா, தொடர்பு எண்கள் என்று எல்லா அனுமதியும் கொடுத்து வைத்திருந்தார். “ஏம்மா, எதுக்கு இதுக்கெல்லாம் சரின்னு அமுக்கினே?” என்று கத்தினேன். “அது என்ன கேட்டுச்சுன்னு எனக்கு எப்படிடா தெரியும்? நீலக் கலர்ல இருக்கறதை அமுக்குன்னு நீதானே சொன்னே?” என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். படிக்கத் தெரிந்தவர் அவர். தினமும் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பவர். அவரைக் கைநாட்டாக்கியது நான்தான்.

தூத்துக்குடிக் கரைக்கு இது இன்னும் பெரிய விஷயம். அங்கே போன் என்பது சினிமா பார்க்கிற டப்பா மட்டும் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் அலை எவ்வளவு உயரம், காற்று எவ்வளவு வேகம் என்று கணித்துக் கொடுக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி அதைத் தமிழில் மீனவர் கைக்குக் கொண்டுபோகிறது. இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கான பதில் புரியாத பாஷையில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முத்துக் குளிப்பு நின்றுபோய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அரசு நடத்திய கடைசிச் சலாபம் 1961-ல். அதற்கப்புறம் பார்களில் குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரவில்லை. முத்து போய்விட்டது. முத்துக் காசில் வந்த எழுத்து போகவில்லை. உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

* * *

கடையில் பாதியில் விட்டுவிட்டு வந்தேனே, அந்தப் பெரியவர் என்ன ஆனார்?

பையன் பின்னால் போய், தமிழைத் தட்டினான். திரை ஒருதரம் இருண்டு வெளிச்சமானது. ‘அமைப்புகள்’, ‘தொடர்புகள்’, ‘செய்திகள்’. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தார். அவசரமே படவில்லை. பின்னால் மூன்று பேர் காத்திருந்தோம். யாருக்கும் அவசரப்படுத்தத் தோன்றவில்லை.

“எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கு தம்பி.”

பையன் கோட்டை இழுத்தான்.

“போதும். இப்ப மவன் பேரைப் போடு.”

பையன் அடித்தான். ‘பெர்னாண்டோ’ என்று வந்தது. பெரியவர் தலையை ஆட்டினார்.

“அப்படி இல்ல. பர்னாந்து. எங்க வீட்டுக் கல்லறையில போய்ப் பாரு, எப்படி எழுதிருக்குன்னு.”

போன் அந்தப் பெயரைத் தப்பு என்று நினைத்துச் சிவப்புக் கோடு போட்டது. பையன் அகராதியில் சேர்த்துக் கொடுத்தான். கோடு போய்விட்டது.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அம்மாவின் போனை வாங்கித் தமிழுக்கு மாற்றியது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் முதலில் திறந்தது அந்த அனுமதிப் பட்டியலைத்தான். ஒவ்வொன்றாகப் படித்து, பாதிக்கு மேல் ‘மறு’ என்று அமுக்கினார். அதில் ஒன்று நான் போட்டுக் கொடுத்த செயலி.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனைக் கேட்டு வாங்குங்கள். என்ன பாஷை வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். பதில் சொல்லும்வரை எதையும் அமுக்காதீர்கள்.